வெள்ளிக்கிழமைக் கப்பல்

நான் கொடுத்தனுப்பியது சாம்பார். திரும்பி வந்தது பயத்தம் பணியாரம்.

அதே எவர்சில்வர் கிண்ணம்தான். விளிம்புவரை நிரம்பி, மேலே ஒரு தாளால் மூடி, கீழ்வீட்டு அக்காவின் இரண்டு கைகளிலும் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமானால் தெருப்பக்கத்து இரும்புப் படிகளில் ஏறித்தான் வரவேண்டும். மாண்ட்ரியலில் மாடிப்படிகளை வீட்டுக்கு உள்ளே வைக்காமல் வெளியே வைத்த புண்ணியவான் யார் என்று அந்த முதல் குளிர்காலம் முழுவதும் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படிகளில், கம்பியைப் பிடிக்கக்கூட ஒரு கை மிச்சமில்லாமல், அக்கா ஏறி வந்திருந்தார்.

"என்னக்கா இது, கிண்ணம் எங்க ஓடிடப்போகுது? பனி நின்னப்புறம் கொடுத்தா ஆகாதா?"

"வெறும் கிண்ணமாத் தர ஏலுமே பிள்ளை? இண்டைக்குத்தான் செய்ய நேரம் கிடைச்சது" என்றார். செருப்பில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, உள்ளே வராமலே இறங்கிப் போனார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. வாடகை குறைவு என்று பார்க் எக்ஸ்டென்ஷனில் குடிவைத்தார். தெருவில் பாதி கிரேக்கர்கள், பாதி எங்களைப் போல வந்து சேர்ந்தவர்கள். கீழ்வீட்டில் அக்காவும் அவர் கணவரும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அக்கா ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பார். அவர் கணவரை நான் அண்ணன் என்பேன்; அவருக்கு ஒரு கிரேக்க உணவகத்தின் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு இருபத்தைந்து.

சென்னையில் வளர்ந்தவள் நான். எதையும் சட்டென்று முடித்துக் கதவைச் சாத்திவிட வேண்டும் எனக்கு. அந்தப் பணியாரத்தைத் தின்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உப்புமா செய்து அனுப்பினேன். கிண்ணம் கத்தரிக்காய்ப் பொரியலோடு மேலே வந்தது. நான் பாயசம் அனுப்பினேன். அது ரொட்டியும் சம்பலுமாகத் திரும்பியது. இப்படியே போனால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையாது என்று, ஒரு நாள் தந்திரமாகக் காகிதத் தட்டில் எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டுத் தூக்கிப்போடும் தட்டு. திருப்பித் தர வேண்டியதில்லை. மறுநாள் மாலை அந்தக் காகிதத் தட்டைத் துடைத்துக் காயவைத்து, அதில் ஏழு வடைகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இது என்னோடு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த, பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக்காரரிடம் பனி அள்ளும் மண்வெட்டியை அண்ணன் ஒரு நாள் இரவல் வாங்கினார். அக்கா அதைத் திருப்பும்போது மண்வெட்டியின் மேலேயே ஒரு பொட்டலம் வைத்துக் கொடுத்தார். உள்ளே காரமான மரக்கறி ரோல்ஸ். அந்த மனிதர் வாசலில் நின்றே ஒன்றைக் கடித்தார். கண்ணில் நீர் வழிய "மெர்சி, மெர்சி" என்றார். அதற்குப் பிறகு பனி பெய்யத் தொடங்கும்போதே மண்வெட்டியை இவர்கள் வாசலில் கொண்டுவந்து சாத்திவைக்க ஆரம்பித்துவிட்டார்.

தமிழ்ப்பட வீடியோக் கடைக்காரர்தான் பாவம். வாடகைக்கு எடுத்த கேசட்டை வெறும் பெட்டியாகக் கொடுக்க மனமில்லாமல் அக்கா உள்ளே நாலு முறுக்கை வைத்துவிட்டார். எண்ணெய் டேப்பில் ஏறி, அடுத்து வாங்கிப்போனவர் வீட்டில் கதாநாயகன் பாதிப் படத்துக்கு மேல் வெறும் கோடாகத்தான் வந்தானாம். கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கட அக்காவுக்குச் சொல்லுங்கோ, முறுக்கைக் கையிலை தரச்சொல்லி" என்பார்.

ஒரு முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருந்தேன். அக்கா கஞ்சி கொண்டுவந்தார். குணமானதும் அந்தச் சட்டியைக் கழுவி வெறுமையாகவே கொடுத்தேன், வேண்டுமென்றே. அவர் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் வெறும் சட்டியாத்தானே கொடுத்தேன், உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? நீங்க மட்டும் ஏங்க்கா இப்படி? உங்களுக்கு ஒரு கரண்டி குழம்பு கொடுக்கவே பயமா இருக்கு."

அவர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்கள் தந்ததை நான் மறந்துபோனன் எண்டு நினைச்சிடுவியளோ எண்டு எனக்குப் பயம், பிள்ளை" என்றார்.  என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவர்கள் அம்மா இறந்துவிட, அக்காதான் வளர்த்தார். அக்கா கல்யாணமாகிக் கனடா வந்தபோது அவனுக்குப் பதின்மூன்று. அதன்பிறகு பார்க்கவில்லை. பதினோரு வருடம். ஏஜென்ட் ஒருவன் மூலமாகக் கிளம்பிய பையன், எங்கெங்கோ சுற்றி, கிரேக்க நாட்டில் காகிதம் ஒன்றும் இல்லாமல் மாட்டிக்கொண்டான். ஏதென்ஸிலிருந்து சில மணி நேரத் தொலைவில் ஒரு தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். உடன்பிறந்தவனைக் கனடாவுக்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு அக்காவுக்கும் அண்ணனுக்கும் குடியுரிமையும் கடவுச்சீட்டும் வந்து சேர வேண்டியிருந்தது.

வந்தது. ஒன்பது வருடம் லீவே எடுக்காத மனிதர் என்று அண்ணனுக்கு அவருடைய முதலாளி இரண்டு வாரம் லீவும், ஏதோ ஒரு சின்னத் தீவில் பூட்டிக்கிடந்த தன் அம்மாவின் வீட்டுச் சாவியும் கொடுத்தார். தம்பிக்குக் கடைசி வாரம்தான் தோட்டத்து வேலை முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஏதென்ஸுக்கு வருவான். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்து ஏஜென்டின் வேன் ஒன்று அவனையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு இத்தாலிப் பக்கம் கிளம்பும். அதை மாற்ற முடியாது. ஆக அக்காவுக்கும் அவனுக்கும் இரண்டு நாள். திங்கட்கிழமை காலை மாண்ட்ரியல் விமானம்.

"முதல் பத்து நாளும் தீவிலை இருப்பமாம். போறது போறம், கடலையும் பாப்பம் எண்டு இவர் சொல்லுறார்" என்றார் அக்கா, வெட்கத்தோடு. தம்பிக்காக ஒரு பிஸ்கட் டின் நிறையப் பயத்தம் பணியாரம் செய்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். செப்டம்பரில் கிளம்பினார்கள். வீட்டுச் சாவியும் கறிவேப்பிலைத் தொட்டியும் என் பொறுப்பில்.

திரும்பி வந்தபோது இருவரும் நன்றாகக் கறுத்திருந்தார்கள். அண்ணன் படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா மட்டும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "பாத்தம் பிள்ளை. பேந்து சொல்லுறன்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த 'பேந்து' வருவதற்கு அக்டோபர் ஆகிவிட்டது. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கு மேலே கம்பியில் துணி காயும். சனிக்கிழமை மதியங்களில் அக்காவின் பின்கட்டு பால்கனியில் உட்கார்ந்து துணி மடிப்போம். இலைகள் சிவந்து விழுந்துகொண்டிருக்கும். அப்போதுதான் சொன்னார், ஒரே மூச்சில் இல்லை, மூன்று நாலு வாரமாக, துண்டு துண்டாக. தீவைத்தான் முதலில் சொன்னார். எந்தச் சந்தில் திரும்பினாலும் கடைசியில் கடல் நிற்குமாம். நீலக் கதவு, உரிந்த சாயம், முற்றத்தில் ஒரு திராட்சைக் கொடி. காற்று நின்றுவிட்டால் ஆட்டுமணிச் சத்தம் கேட்குமாம். "எங்கட கடல் மாதிரி இல்லைப் பிள்ளை. கழுத்தளவு தண்ணியிலை நிண்டாலும் கால்விரல் தெரியும்." நான் இன்றுவரை அந்தத் தீவுக்குப் போனதில்லை. அதன் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் அந்தத் திராட்சைக் கொடியின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரிகிறது. அதில் அக்கா சொன்னது எவ்வளவு, நான் கூட்டிக்கொண்டது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லையாம். மாலை நாலு மணியானால் வேலைக்குப் போகிற நேரம் என்று உடம்பு தானாக எழுந்துவிடும். சமையலறையில் போய் நின்று, உரிக்க உருளைக்கிழங்கு இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாராம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு மீனவரின் மனைவி. ஐம்பது வயது இருக்கும். முதல் நாளே ஒரு தட்டுத் திராட்சை கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை. தட்டு வடையோடு திரும்பிப் போனது. பொரித்த மீன் வந்தது, பருப்புக் கறி போனது. பாலாடைக்கட்டி வந்தது, ரொட்டி போனது. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. பத்து நாளும் சட்டிகளால் பேசிக்கொண்டார்கள்.

சுற்றுலாப் பருவம் முடிகிற சமயம் என்பதால் அந்தத் தீவுக்கு வாரத்தில் இரண்டு கப்பல்தான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்று, ஞாயிறு அதிகாலையில் ஒன்று. இவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கப்பல். வியாழக்கிழமை மாலை, பெட்டியெல்லாம் கட்டியாகி, அடுப்பும் துடைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நீலக் கிண்ணத்தில் பாகில் ஊறிய அத்திப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டேன். "அக்கா, வேண்டாம். சொல்லாதீங்க" என்றேன்.

"டின்னைத் திறந்து நாலு பணியாரத்தை எடுத்து வைச்சுக் குடுத்திட்டு வா எண்டுதான் இவரும் சொன்னவர். அது தம்பியின்ரை, பிள்ளை. அவனுக்கெண்டு செய்ததை எப்பிடி எடுக்கிறது?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலமாரியைத் துழாவினார். அரைப் பாக்கெட் ரவை, சீனி, கொஞ்சம் வெண்ணெய், உலர்ந்த திராட்சை கிடந்தன. கேசரி கிண்டினார். ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. அடுத்த வீடும் பூட்டு. தெருவே காலி. ஒரே ஒரு கிழவர் மட்டும் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் குன்றின் உச்சியைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் கோயில். அன்று அதில் திருவிழா.

"வாசல்லை வைச்சிட்டு வாரும்" என்றார் அண்ணன்.

"ஆளில்லாத வாசல்லை வைக்கிறதே? பூனை தின்னும். அவவின்ரை கையிலை குடுக்கோணும். உந்தா தெரியுது கோயில், கால் மணித்தியாலம் காணும்."

பெட்டிகளை வீட்டுக்குள் விட்டுவிட்டு இருவரும் ஏறினார்கள். பக்கத்தில் தெரிந்த கோயில், ஏற ஏறத் தள்ளித் தள்ளிப் போனது. போய்ச் சேர ஒரு மணி நேரம். வெள்ளைச் சுவர், வாசலில் நீளமான மேசை, ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கேசரியை ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டவள், கண்ணை அகல விரித்து எல்லோரையும் கூப்பிட்டாள். அவர்களும் ரவையில் அதே மாதிரி ஒன்று கிண்டுவார்களாம், அவர்களுடைய நல்லது கெட்டதுக்கு. ஆளாளுக்கு ஒரு விள்ளல் எடுத்துத் தின்று, அக்காவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். உட்கார வைத்தார்கள். எழுந்தால் மறுபடி உட்கார வைத்தார்கள். கையில் ரொட்டியைத் திணித்தார்கள். மணி அடித்தது, பாட்டுப் பாடினார்கள். அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதையும் ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள்.

"அப்பதான் கப்பலைக் கண்டனாங்கள். நான் வருது எண்டு நினைச்சன். அது போகுது. சத்தமே இல்லைப் பிள்ளை. அவ்வளவு பெரிய கப்பல், அந்த மலையிலையிருந்து பாக்கச் சின்னனா, வெள்ளையா, தண்ணியிலை ஒரு கோடு போட்டுக்கொண்டு போச்சுது."

அன்று அவர் இதற்கு மேல் சொல்லவில்லை. நான் மேலே வந்து என் கணவரிடம் கத்தினேன். பதினோரு வருடம் காத்திருந்துவிட்டு ஒரு கிண்ணம் கேசரிக்காக யாராவது கப்பலை விடுவார்களா என்று கத்தினேன். அவர் பாவம், எனக்கென்ன தெரியும் என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நானே துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கீழே இறங்கியதும் துறைமுகத்து டெலிபோனில், ஏதென்ஸில் தம்பியின் சிநேகிதர்கள் தங்கியிருந்த அறைக்குப் பேசினார்கள். எடுத்த பையன், "நான் சொல்லுறன் அக்கா, ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்தானே, யோசிக்காதேங்கோ" என்றான். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கப்பல் போய்ச் சேரும். ஆறு மணிக்கு வேன். இரண்டு நாள் இரண்டு மணி நேரமாகிவிட்டது. அண்ணன் அன்று முழுவதும் பேசவில்லை. சாப்பிடவில்லை. முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா அழவும் பயந்துபோய் உள்ளே இருந்தாராம்.

"சனிக்கிழமை விடிய எழும்பினா, தலைமாட்டிலை தேத்தண்ணிக் கோப்பையோடை நிக்கிறார். கலியாணங்கட்டி இவ்வளவு காலத்திலை மனுசன் எனக்குத் தேத்தண்ணி போட்டதில்லை. 'எழும்பும், கடலுக்குப் போவம்' எண்டார்."

மாண்ட்ரியலில் அக்கா வேலையிலிருந்து வருகிற நேரத்தில் அண்ணன் வேலைக்குப் போவார். அவர் வருகிற நேரம் இவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஷிப்ட். தீவுக்குப் போன பிறகும் அந்தப் பத்து நாள், கடைசியில் தம்பி, கடைசியில் தம்பி என்று அதிலேயே நினைவாகப் போயிற்று. இப்போது செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் திருவிழா அலுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். இருவரும் பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் குடாவுக்குப் போனார்கள். ஒருவரும் இல்லை. அக்கா வீட்டில் போடும் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார்.

"இவர் என்ரை முதுகுக்குக் கீழை கையை வைச்சு, படும் எண்டார். தண்ணியிலை எப்பிடிப் படுக்கிறது எண்டு எனக்குச் சிரிப்பு. பேந்து படுத்தன். காதெல்லாம் தண்ணிக்குள்ளை. ஒரு சத்தமும் இல்லை. வானம் மட்டும்தான். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. திரும்பிப் பாத்தா இவர் அங்காலை தள்ளி நிக்கிறார். கையை எடுத்தவர் எண்டே எனக்குத் தெரியாது."

சந்தில் யாரோ பையன்கள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஹாக்கி விளையாடினார்கள். அக்கா ஒரு துவாலையை எடுத்து மடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"அண்டைக்கு முழுக்க நாங்கள் சிரிச்சனாங்கள் பிள்ளை. என்னத்துக்கெண்டு தெரியாது. இவர் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னவர். வெயில் சாயுமட்டும் அங்கைதான். அந்த நேரம் எனக்கு ஒருத்தரும் இல்லை. தம்பியும் இல்லை. நான் அவனை நினைக்கேல்லை." துவாலையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அதுல என்னக்கா தப்பு?" என்றேன். உண்மையாகத்தான் கேட்டேன். அந்த ஒரு நாளுக்காக எனக்கு அவர் மேல் பொறாமைகூட வந்தது.  அவர் தெம்பில்லாத ஒரு குரலில், "மிச்சத்தையும் கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றார். ஆனால் மிச்சத்தை அன்று சொல்லவில்லை.

தம்பி இத்தாலிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்த்திகையில் அங்கிருந்து போன் வந்தது. அக்கா படியேறி ஓடிவந்து சொன்னார். பிறகு அவன் பிரான்ஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அக்காவும் அண்ணனும் இரண்டு வருடத்தில் டொரொண்டோ போனார்கள். நாங்கள் புரோசார்டில் வீடு வாங்கினோம். புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் சில வருடம் போய் வந்து, யார் பக்கம் நின்றது என்று தெரியாமல் நின்றுபோயின. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நின்றது என் பக்கமாகத்தான் இருக்கவேண்டும்.

மிச்சத்தை அவர் சொன்னது அந்த அக்டோபர் கடைசியில். குளிர் வந்துவிட்டது. பால்கனியில் உட்கார முடியாமல் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

சிநேகிதப் பையன் சொல்கிறேன் என்று சொன்னது பொய்யில்லை. சொல்வதற்கு ஆள் அறைக்கு வரவில்லை. தம்பி தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன், அக்கா வருகிற நேரம் என்று வெள்ளிக்கிழமை மாலை நேராகத் துறைமுகத்துக்குப் போய்விட்டான். கப்பல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இல்லை. கப்பலைத் தப்பாக விளங்கிக்கொண்டோம் என்று நினைத்தான். அந்தத் துறைமுகத்தில் பத்துப் பன்னிரண்டு வாசல். எந்தத் தீவுக் கப்பல் எந்த வாசலில் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் பயம், போலீஸ்காரர்கள் நிற்கிற இடம். அறைக்குப் போய்விட்டு வரலாம் என்றால், அந்த நேரம் பார்த்து அக்கா வந்து தேடினால்? அங்கேயே நின்றான். வெள்ளி இரவு, சனி முழுவதும், சனி இரவு. வருகிற ஒவ்வொரு கப்பலுக்கும் ஓடி ஓடி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு. இதெல்லாம், ஞாயிறு மதியம் துறைமுகத்தில் அவனைக் கண்டுபிடித்த அந்தச் சிநேகிதப் பையன் அன்றிரவு அக்காவிடம் சொன்னது.

"நான் தண்ணியிலை படுத்துக் கிடந்தன். அவன் அங்கை நிண்டவன்" என்றார் அக்கா.

 போன வாரம் வாய் நிறையக் கேட்ட கேள்வியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் கால் மணி நேரம் தாமதம். இறங்கும்போது அக்காவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. தாடி வைத்த, மெலிந்த, உயரமான ஒருவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நின்றான்.   அண்ணன்தான் இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், டிக்கெட் கொடுக்கும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

விடியுமுன்பே அக்கா தீவில் சமைத்துச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தார். பையன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா" என்றான். அவ்வளவுதான். தலை சாய்ந்து அக்காவின் மடியில் விழுந்தது.

"நித்திரையாப் போனான், பிள்ளை."

"எழுப்பலையாக்கா?"

"இவர் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி, எழுப்பும், ரெண்டு வார்த்தை கதையும், வேன் வந்திடும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். நான் ஏலாது எண்டிட்டன். சப்பாத்தைக் கழட்டிப் பாத்தன், கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அதை எப்பிடி எழுப்புறது?"

"பதினோரு வருஷங்க்கா! என்னென்னமோ பேசணும்னு போனீங்களே!"

"ஓம். நிறைய யோசிச்சு வைச்சிருந்தனான். ஒண்டையும் கதைக்கேல்லை. பணியார டின்னை அவன்ரை பைக்குள்ளை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருந்தன். வாயைத் திறந்துகொண்டு படுப்பான் சின்னனிலை, இப்பவும் அப்பிடித்தான். வெயில் முகத்திலை அடிச்சுது. இவர் வந்து முன்னாலை நிண்டு மறைச்சவர். வெயில் நகர நகர இவரும் நகர்ந்து நிண்டவர். ஒரு மணித்தியாலத்துக்கு மேலை அப்பிடியே நிண்டவர், பாவம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அழவில்லை.

"ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை வேன்காரன் வந்து தூரத்திலையிருந்து கையைக் காட்டினான். அப்பதான் எழுப்பினன். தலையைத் தடவி, மெல்லமா. கண்ணைத் திறந்தவன் பிள்ளை. என்னை வடிவாப் பாத்தவன். தான் எங்கை கிடக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியேல்லை. பாத்திட்டு, 'அக்கா, விடிஞ்சிட்டுதோ?' எண்டு கேட்டவன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் ராசா, விடிஞ்சிட்டுது, எழும்பு எண்டன்."